தில்லானா மோகனாம்பாளும் நம் மலைத் தப்பும்

1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தை இன்றைய பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தால் அவர்கள் சிரிக்கிறார்கள். சிவாஜியின் கோபம், பத்மினியின் கண்ணீர், தொட்டதற்கெல்லாம் சந்தேகம். சிரிக்கட்டும். காதல் பழசாகிவிட்டது உண்மைதான். காதலை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள உலகத்தைப் பார்த்தால், அது ஒரு வரலாற்றுப் பாடம்.

கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை, படமாக்கியவர் ஏ.பி. நாகராஜன். நாயகன் சிக்கல் சண்முகசுந்தரம், நாதஸ்வர வித்துவான். சிக்கல் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர். நம் வீட்டு மூத்தம்மாமார் நேர்ச்சை வைத்த நாகூரும் அந்தப் பக்கம்தான். சிவாஜி வாயில் வைத்திருக்க, உண்மையில் ஊதியவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நாதஸ்வரம் நமக்கு அந்நியம் என்று நினைக்கும் நம்மவர்களுக்கு ஒரு செய்தி: ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து, 1998இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா ஒரு முஸ்லிம்.

படத்தில் மைனரும் மகாராஜாவும் கலைக்குப் பணம் கொடுக்கிறார்கள், கலைஞரையும் சேர்த்து வாங்கப் பார்க்கிறார்கள். மோகனாவின் தாயே பணக்காரரைத் தேடுகிறாள். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை மதராஸ் மாகாணம் சட்டம் போட்டுத் தடுத்தது 1947இல்தான். அந்தப் பின்னணி தெரிந்தால் மோகனாவின் பிடிவாதம் வெறும் காதலாகத் தெரியாது.

சண்முகசுந்தரம் ஊதும்போது வாணம் வெடிக்கிறது. அவர் கோபித்துக்கொண்டு வாசிப்பை நிறுத்திவிடுகிறார். இங்கேதான் நமக்கு நம் மலை ஞாபகம் வர வேண்டும். நயனத்தைப் போலத் தப்பும் பிறப்போடு கட்டப்பட்ட வாத்தியம். ஸ்பிரிங்வேலியோ தெமோதரையோ பசறையோ, தோட்டத்தில் இருட்டோடு பிரட்டுக்கு ஆள் எழுப்பியது தப்பு. மரண வீட்டிலும் அதுவே. மாசியில் கம்பம் ஊன்றி ரதி, மதன் வேஷம் கட்டி ஆடும் காமன் கூத்துக்கும் அதுவே. அதுவும் பாட்டும் ஆட்டமுமான காதல் கதைதான், லயத்து வாசலே மேடை. ஆனால் பிரட்டுத் தப்பு அடித்தவர் கோபித்து நிறுத்த முடியுமா? துரை விடுவாரா?

1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது, 300,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்றது. மனிதரை எண்ணிப் பிரித்த கணக்கு. இந்தப் படம் வந்த காலத்தை ஒட்டித்தான் நம் மலைக் குடும்பங்கள் ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கின. தப்படித்தவர்களும், கூத்துப் பாட்டு முழுவதையும் மனதில் வைத்திருந்தவர்களும் அந்த எண்ணிக்கைக்குள் அடக்கம். அவர்களைப் பற்றி யாரும் விகடனில் தொடர் எழுதவில்லை.

உங்கள் தோட்டத்தில் இப்போதும் கம்பம் ஊன்றுகிறார்களா? பாட்டு தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்களா? கீழே எழுதுங்கள். வருகிற மாசியில் சிரித்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறோம்.