வார்த்தைகள் உதிர்ந்த பாட்டு: குரோவர் வாஷிங்டனின் முதல் ஆல்பம்

'ஸ்மூத் ஜாஸ்'னு சொன்னதுமே பலருக்கு லிஃப்ட்டிலும் ஓட்டல் வரவேற்பறையிலும் மெதுவாக ஓடும் இசைதான் ஞாபகத்துக்கு வரும். தீவிர ஜாஸ் ரசிகர்கள் அந்தப் பெயரையே ஒரு வசைச்சொல் மாதிரிதான் பயன்படுத்துவாங்க. எதைப் பற்றியும் எதுவும் சொல்லாத இசை என்பது அவர்கள் புகார். இந்தப் பாணியின் முன்னோடிகளில் ஒருவர் சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியர் (1943–1999). அவருடைய முதல் ஆல்பத்தைக் கேட்டால் இந்தப் புகார் அவ்வளவு எளிதாக நிற்காது என்பது என் எண்ணம்.

ஆல்பத்தின் பெயர் 'இன்னர் சிட்டி புளூஸ்'. 1971 செப்டம்பரில், நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிவானது. வெளியிட்டது குடு நிறுவனம். தயாரிப்பாளர் கிரீட் டெய்லர். அந்தப் பதிவில் வாசிக்க வேண்டியவர் ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் ஹாங்க் கிராஃபோர்ட். அவரால் வர முடியல. டெனர் வாசித்துப் பழகிய வாஷிங்டன், தன் 27ஆவது வயதில் ஆல்டோவைக் கையில் எடுத்து அந்த இடத்தில் நின்றார். சுற்றி இருந்தவர்களும் லேசுப்பட்டவங்க இல்ல. மைல்ஸ் டேவிஸ் குழுவில் பாஸ் வாசித்த ரான் கார்ட்டர், டிரம்ஸில் இத்ரிஸ் முகமது, இசைக்கோர்ப்புக்கு பாப் ஜேம்ஸ்.

தலைப்புப் பாடல் மார்வின் கேயுடையது. அவருடைய 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பம் அதே ஆண்டு மே மாதம்தான் வெளியாகியிருந்தது. நிலாவுக்கு ராக்கெட் விடக் காசு இருக்கு, இல்லாதவனுக்குக் கொடுக்க இல்லையே என்று கேட்கிற பாட்டு அது. வரிச்சுமை, விலைவாசி, போருக்கு அனுப்பப்படும் பிள்ளைகள், போலீஸ் அடாவடி எல்லாம் அதில் உண்டு. சுற்றுச்சூழல் சீரழிவைப் பற்றிய கேயின் 'மெர்சி மெர்சி மீ'யையும் வாஷிங்டன் இதே ஆல்பத்தில் வாசித்திருக்கிறார்.

சாக்ஸபோனில் வார்த்தை கிடையாது. ஆனால் 1971இல் கேயின் பாட்டு அமெரிக்காவில் எல்லார் வாயிலும் இருந்தது. மெட்டைக் கேட்டவர்கள் மனசுக்குள் வரிகள் தானாகவே ஓடியிருக்கும். பிறகு வந்தவங்களுக்கு அந்த வரிகள் தெரியாது. மிச்சமிருந்தது மென்மை மட்டும்.

1980இல் வாஷிங்டன் 'வைன்லைட்' ஆல்பத்தை வெளியிட்டார். அதில் பில் விதர்ஸ் பாடிய 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' என்ற காதல் பாட்டு பில்போர்ட் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. அந்த வெற்றிதான் பாணியின் முகமாக நிலைத்தது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க வானொலிகள் இந்த மாதிரி இசைக்கென்றே அலைவரிசைகளை ஒதுக்கியபோது, தேடியதும் அந்த முகத்தைத்தான்.

அதனால ஒரு யோசனை. முதலில் கேயின் பாட்டை வரிகளோடு கேளுங்க. உடனே வாஷிங்டன் வாசித்ததைக் கேளுங்க. ஆல்டோ எங்கெல்லாம் கரகரக்கிறது, எங்கே உச்சத்தில் பிளிறுகிறது என்று கவனிச்சுப் பாருங்க. அப்புறம் அதை லிஃப்ட் இசைன்னு சொல்ல மனசு வருதான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.