திண்டுக்கல்லிலிருந்து கொழும்பு எவ்வளவு தொலைவு?

மதுரை விமான நிலையத்திலிருந்து கொழும்பை அடுத்த கட்டுநாயக்க வரை வான்வழித் தொலைவு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். பறக்கும் நேரம் சுமார் ஒரு மணி. தனக்கென விமான நிலையம் இல்லாத திண்டுக்கல்லில் வசிப்பவர், மதுரைக்குத் தெற்கே உள்ள அந்த நிலையத்தைக் காரில் சென்றடையவே அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இதே பயணத்துக்கு வேறொரு கணக்கும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டி மலைச்சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, அன்றைய மதுரை மாவட்டத்துப் புன்செய்ச் சீமையிலிருந்தும் மக்கள் கங்காணிகளின் பின்னே புறப்பட்டனர். (திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான்.) இராமேசுவரக் கரைவரை நடை, தோணியில் மன்னார், மறுபடியும் நடை. மன்னாரிலிருந்து மாத்தளை வரை நீர் அரிதான காட்டுவழி இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். காலராவில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. வாரக்கணக்கில் நீண்ட பயணம் அது.

1875இல் திருச்சி–மதுரை இருப்புப்பாதை திண்டுக்கல் வழியே வந்தது. 1902இல் அது மண்டபம் வரையும், 1914இல் பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி வரையும் நீண்டது. புகழ்பெற்ற போட் மெயில், திருச்சி–மானாமதுரைப் பாதை 1930இல் முடியும்வரை, திண்டுக்கல் வழியாகவே சென்றது. தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மீண்டும் ரயில். முதல் வகுப்புப் பயணி அந்தக் கடலை ஓரிரு மணி நேரத்தில் கடந்துவிடுவார். தோட்டத் தொழிலாளியோ தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டோடு மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் நாள்களைக் கழிக்க வேண்டும். நம் போட் மெயில் நினைவுக் குறிப்புகள் இந்த இரண்டாவது கால அட்டவணையைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

1938இல் டாட்டாவின் விமானத் தடம் திருச்சி வழியே கொழும்புக்கு நீண்டது. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் டக்கோட்டா இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. அடுத்த ஆண்டே இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எனப் பிரித்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை. அந்த டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழிக்க, பின்னர் வந்தோரைக் கப்பல் இராமேசுவரத்தில் இறக்கியது. பலர் பிறந்தது பதுளையிலும் அட்டனிலும். ஊர் என்று அறிந்ததும் அவற்றைத்தான். அவர்களுள் ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தனர். மலை விளிம்பில் நின்றால், பாட்டன்மார் சிலர் விட்டுச்சென்ற அதே சமவெளி கீழே தெரியும்.

கப்பல் 1984இல் நின்றது. மதுரை–கொழும்பு நேரடி விமானம் தொடங்கியது 2012 செப்டம்பரில். இடைப்பட்ட ஆண்டுகளில் கொழும்பு செல்ல நினைத்த திண்டுக்கல்காரர் திருச்சிக்கோ சென்னைக்கோ சென்றுதான் விமானம் ஏறினார்.