நெய்வேலிச் சுற்றூர்களில் குடிநீர்: ஊராட்சியிடம் கேட்க வேண்டியது

பழுப்பு நிலக்கரியில் இயற்கையாகவே சிறிதளவு பாதரசம் உண்டு. அனல்மின் நிலையத்தில் எரிக்கப்படும்போது அதன் ஒரு பகுதி புகையுடன் வெளியேறும். எஞ்சியது சாம்பலில் தங்கும். நீரில் பாதரசம் கலந்து உடலில் மிகுமாயின் சிறுநீரகமும் நரம்பு மண்டலமும் பாதிப்படையும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், பாதரசம் நீங்காது.

சுற்றியுள்ள சிற்றூர்களில் குடிநீர் வழங்குவது, 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, கிராம ஊராட்சியின் கடமையாகும். ஊராட்சிகளில் பயன்படும் கள நீர்ப்பரிசோதனைப் பெட்டி ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவற்றையே காட்டும், பாதரசத்தைக் காட்டாது. எனவே "நீரைச் சோதித்தாயிற்று" என்னும் விடை போதாது. ஆய்வகத்தில் கன உலோகப் பரிசோதனை செய்யுமாறு கிராம சபையில் எழுத்து மூலம் கேளுங்கள். கர்ப்பிணிகளும் சிறுநீரக நோயாளிகளும் தாம் அருந்தும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.