தோள்சீலையும் கல்லுமாலையும்: யாருடைய வரலாறு பெண்களின் வரலாறு?



நாம் படித்த பாடநூல்களில் இந்தியப் பெண் விடுதலையின் வரலாறு பெரும்பாலும் 1829-இல் தொடங்கும். அவ்வாண்டு டிசம்பர் 4-ஆம் நாள் கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங் உடன்கட்டை ஏறுதலைக் குற்றமாக்கினார். பிறகு 1856-இல் விதவை மறுமணச் சட்டம், 1891-இல் சம்மத வயதுச் சட்டம் என்று அந்த வரலாறு படிப்படியாக மேலேறும். அதே 1829-இல், பத்து மாதங்களுக்கு முன்னால், பிப்ரவரி 3-ஆம் நாள் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஓர் அரச விளம்பரம் வெளியானது. சாணார் பெண்கள் தோள்சீலை அணியக் கூடாது என்பது அதன் உத்தரவுகளில் ஒன்று. அன்று ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் ராணி கௌரி பார்வதி பாய். ஒரு பெண்தான்.

ஓர் ஆணை பெண்ணின் உயிரைக் காத்தது. இன்னோர் ஆணை பெண்ணின் மேலுடையைப் பறித்தது. முன்னது பாடநூலில் 'பெண்கள் நிலை' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. பின்னது, இருந்தால், 'சாதிக் கலவரங்கள்' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. இந்தப் பிரிவினையை யார் செய்தார்கள்? தோள்சீலைக்காக அடிவாங்கியவர்கள் பெண்கள் இல்லையா? இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது இதைத்தான்.

சாணார் என்பது அக்கால ஆவணங்களில் உள்ள சொல். இன்று நாடார் என்று அறியப்படும் அச்சமூகம் பட்டியல் சாதிகளில் இல்லை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் தென் திருவிதாங்கூரில் பனையேறிப் பிழைத்த அந்த மக்கள் தீண்டாமைக்கும் கூலியில்லா ஊழியத்துக்கும் ஆட்பட்டிருந்தார்கள். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பொன் நகை கூடாது. பெண்களுக்குத் தனியாகச் சில தடைகள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. குடத்தை எங்கே வைப்பது என்பதுவரை சாதி தீர்மானித்தது என்றால், பெண் நடக்கும் நடையே சாதியின் கண்காணிப்பில் இருந்தது என்று பொருள்.

மார்பை மறைப்பது அந்தச் சமூகத்தில் இன்று நாம் சொல்லும் பொருளில் 'மானம்' பற்றிய விஷயமாக இருக்கவில்லை. நாயர் பெண்கள்கூட நம்பூதிரிகள் முன்னும் அரச குடும்பத்தார் முன்னும் மேல்துணியை விலக்கித்தான் நிற்க வேண்டும். மேலே இருப்பவர் முன் கீழே இருப்பவர் உடலைத் திறந்து காட்டுவது மரியாதை. ஆணுக்கும் அதுவே விதி. ஆகவே தோள்சீலை என்பது துணி வடிவில் இருந்த பதவி. ஐரோப்பிய மிஷனரிகள் இதை வெட்கத்தின் பிரச்சினையாகப் பார்த்தார்கள். 1810-களில் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவரான பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டார். ஆதிக்கச் சாதியினர் எதிர்த்ததும், 'குப்பாயம்' என்ற தைத்த சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், தோள்சீலை மட்டும் வேண்டாம் என்று சமரசம் பேசப்பட்டது.

பெண்கள் அடுத்துச் செய்ததைக் கவனிக்க வேண்டும். குப்பாயத்தைப் போட்டுக்கொண்டார்கள். அதன் மேல் தோள்சீலையையும் போட்டுக்கொண்டார்கள். வெட்கம்தான் பிரச்சினை என்றால் சட்டையோடு முடிந்திருக்கும். உடல் ஏற்கெனவே மறைந்துவிட்டது. அதற்கு மேலும் ஒரு துணியை எடுத்துப் போட்டது, நீ தர மறுப்பது எது என்று எங்களுக்குத் தெரியும் என்று சொல்வதற்காக. மிஷனரியின் கணக்கும் அந்தப் பெண்களின் கணக்கும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1820-களிலும் மீண்டும் 1858-59-லும் சந்தைகளில் பெண்களின் சீலை கிழிக்கப்பட்டது. வழிபாட்டு இடங்களும் பள்ளிகளும் வீடுகளும் எரிந்தன. சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கடி கொடுத்த பின், 1859 ஜூலை 26-ஆம் நாள் மகாராஜா உத்திரம் திருநாள் விளம்பரம் ஒன்றை வெளியிட்டார். சாணார் பெண்கள் குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றிக்கொள்ளலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் அணியக் கூடாது. வெற்றி என்று நாம் கொண்டாடும் ஆவணத்தின் கடைசி வரி இது. உடலை மறைக்க அனுமதி, சாதியை மறைக்க அனுமதி இல்லை.

நங்கேலியின் கதையை இந்த இடத்தில் பலர் எதிர்பார்ப்பீர்கள். வாய்மொழியில் வாழும் அந்தக் கதைக்கு அதற்குரிய மரியாதை உண்டு. ஆனால் தன்னை அறுத்துக்கொண்டு இறந்த ஒருத்தியை நினைவில் வைப்பதும், இறக்காமல் மறுநாளும் சீலையோடு சந்தைக்குப் போன நூற்றுக்கணக்கானவர்களை மறப்பதும் நமக்கு ஏன் எளிதாக இருக்கிறது என்று ஒருமுறை யோசிக்கலாம்.

அந்த விளம்பரம் பேசியது சாணார் பெண்களைப் பற்றி. புலையர், பறையர் பெண்கள் அதில் இல்லை. அவர்கள் சட்டப்படி அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்ததே 1855-இல்தான். அதற்கு முன் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டவர்கள், அடமானம் வைக்கப்பட்டவர்கள். வயலில் நாற்று நட்டதும் கதிர் அறுத்ததும் பெரும்பாலும் இவர்களின் கைகள். உடல் வீட்டுக்குள் பூட்டப்பட வேண்டும் என்ற விதி இவர்களுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. வெயிலிலும் சேற்றிலும் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும் என்பதே இவர்களுக்கான விதி. கழுத்தில் கல்லும் கண்ணாடி மணியும் கோத்த மாலை, காதில் இரும்பு வளையம். பொன்னும் வெள்ளியும் தொடக் கூடாது. தூரத்திலிருந்தே பார்த்து இவள் புலையச்சி என்று அறிந்து விலக அந்த மாலை உதவியது.

அதை அறுக்க இன்னும் 60 ஆண்டுகள் ஆயின. 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அய்யன்காளி, எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தத்தை முன்னெடுத்தவர். அவர் பள்ளிக்கு அழைத்துப்போன பிள்ளைகளில் நினைவில் நிற்கும் பெயர் பஞ்சமி, ஒரு சிறுமி. 1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் கல்லுமாலையைக் கழற்றி எறியும் போராட்டம் எழுந்தது. ஆதிக்கச் சாதியினர் கூட்டத்தைத் தாக்கினார்கள். குடிசைகள் கொளுத்தப்பட்டன, மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அந்த டிசம்பரில் கொல்லத்தின் பீரங்கி மைதானத்தில், சங்கனாசேரி பரமேஸ்வரன் பிள்ளை தலைமையில் பெருங்கூட்டம் நடந்தது. அய்யன்காளி கேட்டுக்கொள்ள, பெண்கள் அங்கேயே மாலைகளை அறுத்துக் குவித்தார்கள்.

சமூகவியல் வகுப்பில் நமக்கு ஒரு சொல் கற்றுக்கொடுப்பார்கள்: சமஸ்கிருதமயமாதல். கீழே இருப்பவர் மேலே இருப்பவரைப் பார்த்து நடப்பது. எம்.என். சீனிவாஸின் இந்தக் கருத்தைத் தோள்சீலைக்கும் கல்லுமாலைக்கும் பொருத்திப் பார்க்கிறவர்கள் உண்டு. வெறும் நகலெடுப்புக்கு யாரும் குடிசையைக் கொளுத்துவதில்லை. அடையாளத்தைச் சுமக்க மறுப்பது, அடையாளத்தின் மேல் நிற்கும் அதிகாரத்தை மறுப்பது. கொளுத்தியவர்களுக்கு அது தெளிவாகப் புரிந்திருந்தது.

கொல்லத்தில் மாலைகள் குவிந்து ஐந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. 1916 மே 9-ஆம் நாள் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் இந்தியாவில் சாதிகள் பற்றிய தம் கட்டுரையைப் படித்தார். அகமணமே சாதியின் சாரம் என்றார். ஒரு குழுவுக்குள்ளேயே திருமணம் நடக்க வேண்டுமானால் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தால் அந்தப் பெண் 'உபரி' ஆகிறாள். அவளை எரிப்பது, விதவையாகவே பூட்டி வைப்பது, ஆண் உபரியானால் அவனுக்குச் சிறுமியைக் கட்டிக்கொடுப்பது என எல்லாம் அந்த உபரியைச் சமாளிக்கும் வழிகள். மேல்சாதிப் பெண் அடைக்கப்படுவதும் நம் பெண்கள் திறந்து வைக்கப்படுவதும் ஒரே எந்திரத்தின் இரு பற்கள் என்பதை இங்கிருந்து நாம் பிடித்துக்கொள்ளலாம்.

அவர் அதைப் படித்த மண்ணுக்கும் இது புதிதல்ல. 1662-இல் வர்ஜீனியா ஒரு சட்டம் இயற்றியது: பிறக்கும் பிள்ளை அடிமையா, சுதந்திரரா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது. வெள்ளை எசமான் கறுப்பினப் பெண்ணிடம் பெற்ற பிள்ளையும் அவனுடைய சொத்துதான். வெள்ளைப் பெண்ணின் கருப்பை இனத் தூய்மைக்காகக் காவல் காக்கப்பட்டது, கறுப்பினப் பெண்ணின் கருப்பை கணக்குப் புத்தகத்தில் ஏறியது. கேரளத்தின் சில பகுதிகளில் அடிமைப் பெண்ணின் பிள்ளைகள் தாயின் உடைமையாளருக்கே சொந்தம் என்ற வழக்கம் இருந்ததை இதோடு வைத்துப் பாருங்கள்.

இந்த எந்திரத்தைப் பார்க்காமல் செய்யும் சீர்திருத்தம் எங்கே போய் முடியும் என்பதற்கு 1856-இன் விதவை மறுமணச் சட்டமே சாட்சி. அதன் 2-ஆம் பிரிவின்படி மறுமணம் செய்யும் பெண் இறந்த கணவனின் சொத்தில் தனக்குள்ள உரிமையை இழப்பாள். மறுமணம் காலங்காலமாக வழக்கிலிருந்த உழைக்கும் சாதிகளின் பெண்களுக்கும் இதைப் பொருத்திச் சில உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. மறுமண உரிமை ஏற்கெனவே உள்ளவளுக்கு அந்தச் சட்டம் கொண்டுவந்தது சொத்திழப்பு மட்டும். இதற்கு ஓராண்டுக்கு முன், 1855-இல், சாவித்திரிபாய், ஜோதிராவ் புலே நடத்திய பள்ளியில் படித்த முக்தாபாய் என்ற 14 வயது மாங் சாதிச் சிறுமி 'ஞானோதயா' இதழில் மகர், மாங் மக்களின் துயரம் பற்றி எழுதினாள். நம் பெண்கள் பிள்ளை பெறும்போது தலைக்கு மேல் கூரைகூட இல்லை, மழையிலும் குளிரிலும் தவிக்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தாள். சீர்திருத்தக்காரர்களின் 'பெண்கள் பிரச்சினை'ப் பட்டியலில் கூரை இல்லை.

1927 டிசம்பரில் மகத் மாநாட்டில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட பின், அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். முழங்காலளவில் கட்டும் சேலையைக் கணுக்கால்வரை இறக்கிக் கட்டுங்கள், தீண்டத்தகாதவர் என்று காட்டும் கனத்த நகைகளைக் கழற்றுங்கள் என்றார். பெரிநாட்டில் கேட்ட அதே குரல்தான். ஆனால் இதில் ஒரு நெருடலும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆடையில் கிடைத்த மதிப்பைக் காப்பது என்ற பெயரில் நம் வீட்டு ஆண்களும் பெண்களின் நடை உடையைக் காவல் காக்கத் தொடங்கினார்கள். கூட்டத்துக்குப் பெண்களை அழைத்து வருவோம், மேடையில் நாற்காலி போட மறப்போம். இன்றும் நம் அமைப்புகளில் இது நடக்கிறது.

1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு வீட்டையும் விட்டுவைக்கவில்லை. சுலோசனாபாய் டோங்ரே தலைமையில் பல்லாயிரம் பெண்கள் கூடினார்கள். பெண்ணுக்கு விவாகரத்து உரிமை வேண்டும், பலதார மணம் ஒழிய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்த தீர்மானம் ஆலைத் தொழிலாளிகளுக்கானது: 21 நாள் தற்செயல் விடுப்பு, காயம்பட்டால் இழப்பீடு, 20 ஆண்டு வேலை செய்தால் மாதம் 15 ரூபாய் ஓய்வூதியம். கணவனிடமும் முதலாளியிடமும் ஒரே நாளில் கணக்குக் கேட்டார்கள்.

ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் அம்பேத்கர் இயக்கத்தில் உழைத்த பெண்களை ஊர் ஊராகத் தேடிப்போய்ப் பேசிப் பதிவு செய்த மராத்தி நூல் 1989-இல் வெளிவந்தது. 'நாங்களும் வரலாறு படைத்தோம்' என்பது அதன் தலைப்பின் பொருள். தோள்சீலை கிழிக்கப்பட்ட கல்குளமும் விளவங்கோடும் 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அங்கிருந்து வந்திருக்கும் மாணவர்கள் இந்த விடுமுறையில் ஊருக்குப் போனால், பாட்டிமார்களிடம் அவர்களின் பாட்டிமார் என்ன உடுத்தினார்கள், கழுத்தில் என்ன போட்டிருந்தார்கள், யாரைக் கண்டு ஒதுங்கி நின்றார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் அதைப் படிப்போம்.