உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம்

அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் ஊர் சுற்றுகிறவர்கள் பார்பிக்யூ கடைகளைத் தேடித் தேடிச் சாப்பிடுவார்கள். எனக்கோ அலபாமாவின் பர்மிங்ஹாமில் இருந்த ஆலீஸ் பார்பிக்யூதான் ஞாபகத்துக்கு வரும். 220 பேர் உட்காரும் கடை. வேலையாட்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். ஆனால், கறுப்பின வாடிக்கையாளர் உள்ளே உட்கார முடியாது. நம்ம பாஷையில் சொன்னால், தாப்பாவ் மட்டும்தான்.

1964 குடிமை உரிமைச் சட்டம் இதைத் தடை செய்தது. கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள்: இது உள்ளூர் வியாபாரம், மத்திய அரசுக்கு இதில் என்ன வேலை?

உச்ச நீதிமன்றம் கொள்முதல் கணக்கைப் பார்த்தது. ஓராண்டில் வாங்கிய உணவுப்பொருளில் 46 விழுக்காடு வெளிமாநிலத்து இறைச்சி. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காங்கிரசுக்கு உண்டு. டிசம்பர் 14 அன்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது, கடை தோற்றது.

ஏன் இந்தச் சுற்றுவழி? சமத்துவத்தின் பெயரால் தனியார் கடைகளைக் கட்டுப்படுத்திய 1875ஆம் ஆண்டுச் சட்டத்தை, இதே நீதிமன்றம் 1883இல் செல்லாது என்று தள்ளியிருந்தது.

பொறியாளனாக எனக்கு இந்தத் தர்க்கம் பிடிக்கும். நேர்வழி அடைத்திருந்தால் மாற்றுவழிதானே. ஆனாலும் உறுத்துது. அந்தச் சமையலறையில் வேலை செய்தவர்களின் மரியாதை போதவில்லை. இறைச்சி எல்லை தாண்டி வந்த கணக்கு தேவைப்பட்டது.