வரவு செலவும் தொழிலாளியின் வயிறும்

சர்க்கார் தன் வரவுக்கு மேல் ஒரு காசும் செலவிடலாகாதென்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டுமென்னும் வாதம் பல தேசங்களில் நெடுநாளாக நடந்து வருகின்றது. அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டு பிரதிநிதிகள் சபை இத்தகைய திருத்தத்தை 300 வாக்குகளால் நிறைவேற்றிற்று, எதிர்த்தவை 132. 1997-இல் செனட் சபையில் ஒரே வாக்குக் குறைவால் அது தோற்றது. கேட்பதற்கு இவ்வாதம் நியாயமாகவே தோன்றும். கடைக்கடனில் மூழ்கிய குடும்பங்களின் பாடு தோட்டத்து மக்களுக்குத் தெரியாததன்று. ஆயினும் குடும்பக் கணக்கும் தேசக் கணக்கும் ஒன்றுதானா என்பதை நம்மவர் சரித்திரத்தைக் கொண்டே ஆராய்வோமாக.

1929-க்குப் பின் ரப்பரும் ஈயமும் விலை வீழ்ந்தன. அவற்றைப் பெரிதும் நம்பியிருந்த மலாயா சர்க்காரின் வரவும் கூடவே வீழ்ந்தது. அன்று வரவுக்குள் செலவை அடக்குவது ஆட்சியாளருக்கு வேதவாக்கு. ஆகவே சிப்பந்திகள் நீக்கப்பட்டனர், செலவுகள் சுருக்கப்பட்டன. தோட்டங்களிலோ, ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாயிருந்த தினக்கூலி 1930-இல் முறையே 40-ஆகவும் 32-ஆகவும் இறங்கிற்று. 1930 முதல் 1932 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். சர்க்கார் கணக்கும் முதலாளி கணக்கும் தொழிலாளியின் வயிற்றிலேயே சரிக்கட்டப்பட்டன.

அதே நெருக்கடியில்தான், 1931-இல், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் சாலை முடிவுற்றது. கோலா தெர்லா முதலிய இடங்களின் தேயிலைக்கும் காய்கறிக்கும் மலையிறங்க வழி பிறந்தது. தலைமுறைகளுக்குப் பயன்படும் சாலையை ஓராண்டு வரவால் அளக்க இயலுமா?

2020-இல் கொள்ளைநோய் வந்தபோது மலேசிய சர்க்கார் வேறு வழி சென்றது. தற்காலிகச் சட்டமியற்றிக் கடன் வாங்கிற்று. வேலையாட்களை நீக்காதிருக்கச் சம்பள உதவியும் அளித்தது.

ஆயின் கடனுக்கு எல்லையே வேண்டாமென்பது நம் கருத்தன்று. இன்றைய வட்டி நாளைய பள்ளிக்கூடத்தை விழுங்கும். மலேசிய அரசியல் சட்டத்தின் 111-ஆவது பிரிவு, சட்டத்தின் அனுமதியின்றி மத்திய சர்க்கார் கடன் வாங்கலாகாதென்கிறது, சமநிலையைக் கட்டாயமாக்கவில்லை. 2023-இல் நிறைவேறிய நிதிப் பொறுப்புச் சட்டமோ, பற்றாக்குறையை மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள்ளும் கடனை 60 சதவீதத்துக்குள்ளும் கொணர இலக்கு வகுத்து, நெருக்கடியில் விலகவும் இடமளிக்கின்றது. இதுவே அறிவுக்குப் பொருந்தும்.

கணக்குச் சரியாயிற்று என்று எவரேனும் பெருமை பேசினால், யாருடைய சோற்றைக் குறைத்து என்று நாம் கேட்டாக வேண்டும்.