கம்பிவழித் தோழமை

தந்தி என்ற சொல் நம்மவர் செவியிலே நெடுங்காலம் அச்சத்தையே எழுப்பி வந்தது. தந்திச் சேவகன் படலையிலே வந்து நின்றால், உறையைப் பிரிக்குமுன்னரே வீட்டிலே அழுகுரல் எழுந்த காலம் ஒன்றிருந்தது. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க வேண்டியிருந்தமையால், சாவும் நோயும் போன்ற தவிர்க்கவொண்ணாத செய்திகளே பெரும்பாலும் அதிலே ஏறின. சாதாரண மக்களின் சாதாரணப் பேச்சுக்கு அங்கு இடமிருக்கவில்லை.

ஆனால் அக்கம்பியின் முனைகளிலே இருந்து தொழில் செய்தோரின் கதை வேறு. காசு கொடாமலே அதிலே நாள்தோறும் பேசியவர்கள் அவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே நட்புக் கொண்டனர், காணாமலே பகைத்தனர், ஈற்றிலே காணாமலே சங்கமும் அமைத்தனர். மோர்ஸையும் எடிசனையும் போற்றும் சரித்திர நூல்கள் இவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அமெரிக்கத் தந்தித் தொழிலாளரை முன்வைத்து அக்கதையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1844 மே 24 அன்று வாஷிங்டனுக்கும் பால்ட்டிமோருக்கும் இடையே மோர்ஸ் தமது கருவியை இயக்கிக் காட்டினார். தொடக்கத்திலே செய்தி காகித நாடாவில் புள்ளியும் கோடுமாகப் பதிந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே தொழிலாளர் நாடாவைப் பாராது, கருவியின் ஓசையைக் கேட்டே எழுதப் பழகிக்கொண்டனர். கண்ணின் வேலை காதுக்கு மாறிய இம்மாற்றம் சிறிதெனினும் அதன் விளைவு பெரிது. எழுதுவோரின் கையெழுத்து வேறுபடுவது போலவே, விசையைத் தட்டுவோரின் தாளமும் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. நூறு மைலுக்கப்பால் தட்டுபவர் இன்னாரென்பதை, அவர் பெயரைச் சொல்லுமுன்னரே கேட்பவர் அறிந்துகொண்டார்.

மேலும், ஒரே கம்பியிலே பல கந்தோர்கள் இணைக்கப்பட்டிருந்தன. ஒருவர் தட்டுவது அவ்வழியிலுள்ள அனைவர் செவியிலும் விழுந்தது. ஒவ்வொருவருக்கும் ஓரிரு எழுத்தாலான அடையாளக் குறி இருந்தது. செய்தி ஓய்ந்த வேளைகளிலே காலை வணக்கமும், காலநிலையும், கேலியும், உணவுக்கு எழுந்து செல்லும் அறிவிப்பும் சுருக்கக் குறிகளாகக் கம்பியிலே ஓடின. 73 என்ற எண் அன்பான வணக்கத்தைக் குறிப்பதாயிற்று. புகைவண்டி நிலையமொன்றிலே இரவு முழுவதும் தனித்து விழித்திருக்கும் இளைஞனுக்கு அடுத்த நிலையத்தின் இந்த 'டக் டக்' ஓசை மனிதக் குரலாகவே ஒலித்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

1859 செப்ரெம்பர் 2 ஆம் நாட் காலை நிகழ்ந்ததை இவ்விடத்திலே குறிப்பிடலாம். சூரியனிலே தோன்றிய பெருங்கொந்தளிப்பினால் பூமியின் காந்தப் புலம் கலங்கி, உலகின் பல பகுதிகளிலும் தந்திச் சேவை சீர்குலைந்தது. பொஸ்டனிலிருந்த தொழிலாளர் போட்லண்டிலிருந்த தோழரை நோக்கி, பற்றரியை முற்றாகத் துண்டித்துப் பார்க்குமாறு கேட்டார். இருவரும் துண்டித்தனர். வானிலிருந்து வந்த மின்னோட்டத்தின் துணையோடு மாத்திரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அவ்விருவரும் வேலை செய்தனர். பற்றரி இருந்தபோதிலும் பார்க்க இப்போது நன்றாக இருக்கிறதென்று அவர்கள் பரிமாறிக்கொண்ட சொற்கள் விஞ்ஞான வரலாற்றிலே இடம்பெற்றுள்ளன. அவை எந்த மேலதிகாரியின் கட்டளையினாலும் பிறந்தவையல்ல. ஒருவர் கையை ஒருவர் நம்பிய பழக்கத்தினாற் பிறந்தவை.

இத்தகைய பழக்கம் கூட்டமாகவும் வளர்ந்தது. பொஸ்டனிலிருந்து மெய்ன் மாநிலத்துக் கலே நகர் வரை நீண்ட 700 மைல் வழியிலே, 33 கந்தோர்களில் இருந்தவர்கள் வேலை முடிந்த இரவொன்றிலே கம்பிவழியாகவே பொதுக்கூட்டம் நடத்திப் பேசினர், தீர்மானமும் நிறைவேற்றினர். 1876 இலே அரிசோனாவிலுள்ள கோட்டையொன்றிற் பணியாற்றிய தந்தியாளருக்கு மணஞ்செய்யச் செல்ல விடுமுறை கிடைக்கவில்லை. மணமகள் அங்கு வந்து சேர்ந்தாள். மணம் செய்விக்கப் பாதிரியார் இல்லை. 650 மைலுக்கப்பால் சான் டியாகோ நகரிலிருந்த பாதிரியார் தந்தியிலேயே மணத்தை நடத்திவைத்தார். அவ்வழியிலிருந்த தொழிலாளரெல்லாம் அழைப்புப் பெற்றுச் செவிமடுத்தனர், வாழ்த்தும் தட்டினர். சாட்சிகளும் அவர்களே, சுற்றத்தாரும் அவர்களே.

இவ்வளவுதான் உண்மையெனின் நாம் ஓர் இனிய கதையைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அன்பு சென்ற அதே கம்பியிலே மனக்கசப்பும் சென்றது. ஒருவர் அனுப்பும்போது மற்றவர் இடைமறித்து விசையைத் திறந்தால் அனைவர் வேலையும் நின்றது. கம்பி யாருக்கு என்ற சச்சரவு அன்றாட நிகழ்ச்சியாயிற்று. நகரத்துக் கைதேர்ந்தவர்கள் நாட்டுப்புறத்து மெதுவான கையை இகழ்ந்தனர். புதிதாக வருபவனை நிலைகுலைக்கும்படி அதிவேகமாகச் செய்தியைக் கொட்டுவது ஒரு சடங்காகவே இருந்தது. 1868 இலே பொஸ்டனுக்கு வந்த எடிசனையும் இவ்வாறே நியூயோர்க்கின் வேகமான கையொன்றுக்கு எதிரே இருத்தினர். அவர் சளையாது எழுதி, ஈற்றிலே விசையைத் திறந்து, 'இனி மற்றக் காலால் அனுப்பும்' என்று பதில் தட்டியதாகப் பின்னர் சொல்லிச் சிரித்தார். நகைப்புக்குரிய நிகழ்ச்சியே. எனினும் அந்நகைப்பின் அடியிலே கிடப்பது யாது? வேகமே சம்பளத்தையும் பதவியையும் தீர்மானித்த தொழிலிலே, மெதுவான தோழன் தோழனாகத் தோன்றவில்லை, சுமையாகவே தோன்றினான். தனிமனிதக் குணக்கேடென்று நாம் எண்ணும் பல பகைகளுக்கு வேர் தொழிலமைப்பிலேயே உண்டு.

பெண்களின் நிலை இதனை மேலும் தெளிவாக்கும். லோவெல் நகரத்து நெசவாலைப் பெண்களைத் திரட்டி, பத்து மணி நேர வேலைநாளுக்காகப் போராடிய சாரா பாக்லி, 1846 இலே அந்நகரின் தந்திக் கந்தோரைப் பொறுப்பேற்றார். அமெரிக்காவின் முதற் பெண் தந்தியாளர் அவரே என்பர். மறு ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்ட் கந்தோருக்குச் சென்றபோது, தமக்கு முன்னிருந்த ஆணின் சம்பளத்திலே முக்காற் பங்கே தமக்குக் கொடுக்கப்படுவதை அறிந்து கொதித்தார். கம்பியிலே தட்டும் கை ஆணா பெண்ணா என்பது எளிதிற் புலப்படுவதில்லை. இம்மயக்கத்தையே கதைப்பொருளாக்கி, தாமும் தந்தியாளராயிருந்த எல்லா சீவர் தேயர் 1879 இலே 'கம்பிவழிக் காதல்' என்று பெயர்சொல்லக்கூடிய நாவலொன்றை எழுதினார். கம்பி அறியாத வேற்றுமையைச் சம்பளப் பதிவேடு மட்டும் நன்கு அறிந்திருந்தது.

நிறவேற்றுமையும் அவ்வாறே. 1886 இலே தோன்றிய புகைவண்டித் தந்தியாளர் சங்கம் வெள்ளையரை மட்டுமே உறுப்பினராக ஏற்றது; இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் அவ்விதியைக் கைவிடவில்லை. தோலின் நிறத்தைக் காட்டாத கருவியைக் கையாண்டவர்களே சங்கத்தின் வாயிலிலே தோலைப் பரிசோதித்தனர். முகங்காணா நட்பு தானாகவே சமத்துவத்தைக் கொண்டுவரும் என்று நம்புவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

இனி, கம்பி எவருடையது என்ற வினாவுக்கு வருவோம். 1881 இலே வெஸ்டேர்ண் யூனியன் கம்பெனி ஜே கூல்ட் என்னும் பெருமுதலாளியின் பிடிக்குள் வந்தது. 1883 யூலை 19 அன்று தந்தியாளர் சகோதரத்துவச் சங்கத்தினர் நாடெங்கும் வேலைநிறுத்தஞ் செய்தனர். பகலில் எட்டு மணி நேர வேலை, இரவில் ஏழு மணி நேர வேலை, ஞாயிறு வேலைக்குத் தனிக்கூலி, நூற்றுக்கு 15 வீதச் சம்பள உயர்வு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்பன அவர்தம் கோரிக்கைகள். பெண்களும் ஆண்களோடு வெளியேறினர். கம்பிவழியாகக் காலை வணக்கம் சொல்லிய கைகளே ஒரே நாளில் விசையைக் கைவிட்டன. அன்றாட அரட்டையென்று மேலதிகாரிகள் இகழ்ந்தது ஒரு வர்க்கத்தின் பயிற்சிக்களமாகவும் இருந்ததென்பதை அன்றே அவர்கள் உணர்ந்திருப்பர்.

ஆயினும் ஏறக்குறைய ஒரு மாதத்திலே அப்போராட்டம் முறிந்தது. நிதி வற்றியது. எதிர்பார்த்த உதவியைத் 'தொழில் வீரர்கள்' என்ற பேரமைப்பு வழங்கவில்லையென்ற கசப்பிலே தந்தியாளர் அதனைவிட்டும் பிரிந்தனர். கருங்காலிகளும் இருந்தனர். சங்கத்தைத் துறப்பதாகக் கையொப்பமிட்டோரே மீண்டும் வேலைக்குச் சேர்க்கப்பட்டனர். நின்றவன் யார், நழுவியவன் யார் என்ற நினைவு அதன்பின் எளிதில் ஆறக்கூடியதன்று. 1907 இலே அமெரிக்கத் தந்தியாளர் மீண்டும் எழுந்து மீண்டும் தோற்றனர்.

இக்கதை அமெரிக்காவோடு முடியவில்லை. 1857 மே 11 அன்று தில்லியிலிருந்து அம்பாலாவுக்குச் சென்ற தந்தி, கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயருக்குத் துணைசெய்தது. அடக்குவதற்கென அமைக்கப்பட்ட அதே வலைப்பின்னலிலே தொழில் செய்தோர் 1908 இலே இந்தியாவிலும் பர்மாவிலும் வேலைநிறுத்தஞ் செய்தனர். தொலைதூர நகரங்களிலே இருந்தவர்களை அவர்கள் தினமும் கையாண்ட கம்பியே ஒன்றிணைத்தது.

வெஸ்டேர்ண் யூனியன் 2006 இலே தந்திச் சேவையை நிறுத்தியது. இந்தியா 2013 யூலையிலே நிறுத்தியது. இன்று கோடானுகோடி மக்கள் முகங்காணாமலே நட்புக் கொள்கின்றனர். அக்கருவிகளும் பெரும்பாலும் சில பெருங்கம்பெனிகளின் உடைமைகளே. பேச்சு நம்முடையது, பாதை பிறருடையது என்ற நிலை மாறவில்லை. அன்றைய தந்தியாளர் தோற்றமைக்குக் கூல்டின் பணம் மட்டும் காரணமன்று. மெதுவான கையையும், பெண்ணின் கையையும், கறுத்த கையையும் சரிநிகராகப் பற்றிக்கொள்ளாத தோழமையும் அவர்தம் வலிமையைக் குறைத்தது. சிறு அன்புகள் ஒற்றுமைக்கு வித்தாகலாம். சிறு பகைகளை ஆராய்ந்து களையாதவிடத்து அவ்வித்து மரமாவதில்லை.

நமது மாணவருக்கு எடிசனை மேதையென்றே கற்பிக்கிறோம். 1862 இலே மவுண்ட் கிளெமென்ஸ் நிலையத்திலே தண்டவாளத்தில் விளையாடிய குழந்தையை அவர் காப்பாற்றினார். அதற்கு நன்றியாகக் குழந்தையின் தந்தையான நிலைய அதிபர் அவருக்குத் தந்தித் தொழிலைக் கற்பித்தார். மேதையின் கதையிலே இந்நிலைய அதிபருக்கும் ஒரு வரி ஒதுக்குதல் வேண்டும். அடுத்த வகுப்பிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.